ஒற்றனின் கைத்துப்பாக்கியும் மலையகத்தின் கணக்கும்

1956ஆம் ஆண்டு மே மாதம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ஒரு வாசகர் ஒரு நாவலாசிரியருக்குக் கடிதம் எழுதினார். வாசகரின் பெயர் ஜெஃப்ரி பூத்ரொய்ட். துப்பாக்கிகளைச் சேகரிப்பதிலும் ஆராய்வதிலும் ஊறியவர். நாவலாசிரியர் இயன் ஃபிளெமிங். ஜேம்ஸ் பொண்ட் என்ற இரகசிய ஒற்றனைப் படைத்தவர். கடிதத்தின் சாரம் இதுதான்: கதை நன்று, கதாநாயகன் கையில் இருக்கும் துப்பாக்கி சரியில்லை.

பொண்ட் அதுவரை வைத்திருந்தது 0.25 அங்குல விட்டமுடைய இத்தாலியப் பெரெட்டா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு பிஸ்டல். அது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்கது, எதிரியைத் தடுத்து நிறுத்தும் வலு அதற்கில்லை என்பது பூத்ரொய்டின் வாதம். அதற்குப் பதிலாக 0.38 விட்டமுடைய ஸ்மித் அன்ட் வெஸன் ரிவோல்வர் ஒன்றை அவர் சிபாரிசு செய்தார். சட்டைப்பையில் சிக்காதபடி சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் வகை அது. பிஸ்டல்தான் வேண்டுமென்றால் 7.65 மில்லிமீற்றர் வால்தர் பிபிகே ஆகட்டும், அதற்குரிய ரவை எந்த நாட்டிலும் கிடைக்கும் என்றும் எழுதினார்.

ஃபிளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மாத முடிவிலேயே பதில் எழுதினார். அப்போது அவர் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலை எழுதி முடித்திருந்தார். 1957இல் வெளிவந்த அந்நாவலின் இறுதியில் பெரெட்டா இடுப்புப் பட்டியில் சிக்கிக்கொள்கிறது. பொண்ட் உயிராபத்தில் விழுகிறான். 1958இல் வந்த 'டொக்டர் நோ'வின் தொடக்கத்தில் அதைக் காரணமாகக் காட்டியே மேலதிகாரி அவனிடமிருந்து பெரெட்டாவைப் பறித்து வால்தரைக் கொடுக்கிறார். பரிந்துரை செய்யும் ஆயுதப் பொறுப்பாளருக்கு மேஜர் பூத்ரொய்ட் என்றே பெயர். குறை சொன்ன வாசகரை ஆசிரியர் கதைக்குள்ளேயே குடியேற்றிவிட்டார்.

இந்தச் செய்தி பொண்ட் ரசிகர்களுக்குப் பழையது. மலையகத்திலிருந்து அதைப் பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. நமது எழுத்தாளர் ஒருவர் நுவரெலியாவையோ ஹற்றனையோ களமாக வைத்து ஓர் ஒற்றன் கதை எழுதப் புகுந்தால் கதாநாயகன் கையில் எதைக் கொடுப்பார்? எந்தத் துப்பாக்கி அந்த மலைக்குப் பொருந்தும்?

சாகசக் கதை நமக்குப் புதிதல்ல. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலென்று பலராலும் கொள்ளப்படுவது. எகிப்திலும் இந்தியாவிலுமாக விரியும் சாகசக் கதை அது. ஆக, மலைநாட்டவர் ஒருவரின் பேனாவில், சாகசத்தோடுதான் ஈழத்துத் தமிழ் நாவல் தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த துப்பறியும் கதைகள் நம் வாசகசாலைகளிலும் கடைகளிலும் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. தமிழ்வாணனின் சங்கர்லாலை மறந்தவர் யார்? அவர் குடித்துத் தீர்த்த தேநீருக்குக் கணக்கில்லை. ஜேம்ஸ் பொண்டுக்கோ தேநீர் ஆகாது. 1959இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் பிரித்தானியப் பேரரசு சரிந்ததற்கே தேநீரும் ஒரு காரணம் என்று சொல்லுமளவுக்கு அவனுக்கு அதன்மீது வெறுப்பு. அந்தத் தேநீரால் பேரரசு எவ்வளவு சம்பாதித்தது என்பதைக் கொழுந்து பறித்தவர்கள்தான் சொல்லவேண்டும்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் கலை நுவரெலியாவுக்கு முன்பே அறிமுகமானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக முறையில் தேயிலை பயிரிடுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே, சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தார். அவருடைய பெருவிருப்பம் வேட்டை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்ற துப்பாக்கி வினைஞரிடம் சொல்லி அவர் செய்வித்த ரைஃபிளின் எடை 21 இறாத்தல். எந்த விலங்குக்கு எந்த விட்டம், எவ்வளவு மருந்து, எவ்வளவு ஈயம் என்பதையெல்லாம் தமது இலங்கை வேட்டை நூலில் விரிவாக எழுதினார். அவர் காலத்துக்குச் சற்று முன் மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் இடி விழுந்து இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஆயுதத்தைப் பற்றி நுட்பமாகவும் ஆசையோடும் எழுதும் வழக்கம் இந்த மலையில் அப்படித்தான் வந்து சேர்ந்தது. சுட்டவர் எழுதினார், எழுதியவர் சுட்டார். யானைகளுக்கு எழுதத் தெரியாது.

இனி, மெய்யான ஒற்றர்கள். அவர்களும் இந்த மலைக்கு வந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில், தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அதை ஒட்டி அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பின் 404ஆம் பிரிவு கண்டிக்கு அருகே நந்தன என்ற தேயிலைத் தோட்டத்தில் முகாமிட்டது. பிரித்தானியாவின் எஸ்.ஓ.இ. அமைப்பின் கிழக்கத்தியக் கிளையான ஃபோர்ஸ் 136உம் கண்டியில் அலுவலகம் திறந்தது. மலாயா, பர்மா, சுமாத்திரா ஆகிய இடங்களில் ஜப்பானியரின் பின்புலத்தில் இயங்கிய ஒற்றர்களுக்கான கட்டளைகள் இந்தக் குளிர்ந்த மலைக் கொட்டகைகளிலிருந்தே போயின.

இந்த இரு அமைப்புகளும் தங்கள் ஒற்றர்களுக்கெனக் கைத்துப்பாக்கிகளைத் திட்டமிட்டே உருவாக்கின. பூத்ரொய்ட் கதைக்காகச் செய்ததை இவர்களுடைய பொறியியலாளர்கள் போருக்காகச் செய்தார்கள். ஆனால் அவர்களின் தேர்வு முறை நேரெதிரானது.

பிரித்தானியரின் வெல்ரொட் பிஸ்டலைப் பாருங்கள். பார்வைக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போலிருக்கும். ரவைக்கூடே கைப்பிடியாகவும் பயன்படும். அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு குழாய்த் துண்டு. உற்பத்தியாளர் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை. சத்தத்தை உள்ளேயே அடக்கிவிடும் அமைப்பு. ஒரு முறை சுட்டபின் கையாலேயே பின்னிழுத்து அடுத்த ரவையை ஏற்றவேண்டும். மிக அருகில் நின்று சுடுவதற்கானது. அழகென்று சொல்ல அதில் எதுவுமில்லை.

அமெரிக்கரின் ஹை ஸ்டாண்டர்ட் பிஸ்டலும் சத்தம் அடக்கப்பட்டதே. 0.22 அங்குல விட்டம். பொண்டின் பெரெட்டாவைவிடச் சிறிய ரவை! கதாநாயகனுக்குப் போதாது என்று பூத்ரொய்ட் ஒதுக்கியதைவிடச் சிறியதை மெய்யான உளவு அமைப்பு தேர்ந்தெடுத்தது. அதற்கு வலுவைவிட ஓசையின்மையே முக்கியமாகப்பட்டது. 1960 மே முதலாம் திகதி சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் ஓட்டி கேரி பவர்ஸிடமும் இத்துப்பாக்கி இருந்தது. அதனால் அவருக்கு ஒரு பயனும் விளையவில்லை. அவர் பிடிபட்டார்.

மூன்றாவது, லிபரேட்டர். 1942இல் அமெரிக்காவில் மோட்டார் வாகன விளக்குகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சில மாதங்களுக்குள் பத்து லட்சம் செய்யப்பட்டன. ஒன்றின் விலை இரண்டு டொலருக்குச் சற்று அதிகம். ஒரு நேரத்தில் ஒரு ரவைதான். எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ள, சொற்களற்ற படங்களால் ஆன செய்முறைத் தாள் கூடவே வந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் எளிய மனிதர் கையில் இதைச் சேர்த்துவிட்டால், அவர் ஒரு சிப்பாயைச் சுட்டு அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்வார் என்பது எண்ணம். ஒரு பேரரசு தனக்கு அடங்கிய மக்களின் கையில் இப்படியொரு பொருளைக் கொடுக்க ஒருபோதும் துணியாது. எதிரியின் குடிகளுக்குத்தான் கொடுக்கும்.

இவை மூன்றும் யாரும் பார்க்காமலிருப்பதற்காகச் செய்யப்பட்டவை. கதை ஒற்றனின் துப்பாக்கியோ எல்லோரும் பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டுக்கு வேடிக்கையான சான்றொன்று உண்டு. 1963இல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' திரைப்படத்தின் விளம்பரத்துக்கு நடிகர் ஷோன் கொனரியைப் படம் எடுக்க ஏற்பாடானது. வால்தரைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தம்மிடமிருந்த காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார். நீண்ட குழலுடன் கொனரி மார்பில் சாத்திக்கொண்டு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பது இலக்குப் பலகையைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. பார்த்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மெய்யான வால்தருக்கும் சோதனை வந்தது. 1974 மார்ச் 20ஆம் திகதி லண்டனில் இளவரசி ஆனைக் கடத்த ஒருவன் துப்பாக்கியுடன் காரை மறித்தபோது, அவருடைய மெய்க்காப்பாளர் ஜேம்ஸ் பீட்டனின் வால்தர் பிபிகே நடுவில் சிக்கி நின்றுவிட்டது. அவர் தம் உடலைக் கேடயமாக்கி மூன்று குண்டுகளை ஏற்றார். அதன்பின் லண்டன் பொலிஸார் அத்துப்பாக்கியைக் கைவிட்டனர். பொண்ட் கைவிடவில்லை, கதையில் அது சிக்குவதில்லை.

இனி இவ்விதழின் வாசகர்களுக்கு அந்நியமல்லாத ஒருவரைப் பற்றி. நூர் இனாயத் கான். பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைஞர் ஹஸ்ரத் இனாயத் கானின் மகள். திப்பு சுல்தானின் வழித்தோன்றல். 1914இல் மொஸ்கோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். எழுத்தாளர். புத்த ஜாதகக் கதைகள் இருபதைச் சிறுவருக்காக மறுபடி சொல்லி 1939இல் நூலாக்கியவர். போர் வந்ததும் எஸ்.ஓ.இ.யில் சேர்ந்தார். கண்டியில் கிளை வைத்திருந்த அதே அமைப்புத்தான். ஆயுதங்களைக் கண்டு அவர் அஞ்சுகிறார், ஆனாலும் அச்சத்தை வெல்ல முயல்கிறார் என்பது அவரைப் பற்றிய பயிற்சிக் குறிப்பு. 1943 ஜூனில், வானொலி இயக்குநராக, ஆக்கிரமிப்பிலிருந்த பிரான்சில் இறக்கப்பட்டார். அப்பணிக்கு அங்கே அனுப்பப்பட்ட முதல் பெண் அவர்தான்.

அவர் சுமந்த ஆயுதம் ஒரு பெட்டி. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அடங்கிய, பதினான்கு கிலோ அளவிலான வானொலிப் பெட்டி. ஒரே இடத்தில் நெடுநேரம் பேசினால் ஜெர்மானியரின் தேடல் வண்டிகள் வந்துவிடும். எனவே இடம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். அவர் சேர்ந்திருந்த வலைப்பின்னல் சில நாட்களிலேயே சிதைந்தது. திரும்பி வரச் சொன்னபோது மறுத்து நின்றார். அந்த ஒக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். 1944 செப்டெம்பர் 13ஆம் திகதி டாஹவ் வதைமுகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரித்தானியா 1949இல் ஜோர்ஜ் சிலுவை விருதை அவருக்கு அளித்தது. பெரெட்டாவா வால்தரா என்ற கேள்வியை நூரின் கதையில் எங்கும் வைக்க இடமில்லை. அவர் வாழ்வில் துப்பாக்கி தீர்மானித்தது ஒன்றே ஒன்று, அவருடைய முடிவு. அதுவும் பிறர் கையிலிருந்தது.

மலையகம் துப்பாக்கியை அறிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். குழலின் பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து.

1937இல் நடந்தது ஓர் ஒற்றன் கதைக்கே உரியது. மாக் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக வந்தார். மடுல்கலையில் ரெலுகஸ் தோட்டத்தில் பணி. சின்னத்துரையாக இருக்கவேண்டியவர் லயன்களில் வாழ்ந்தவர்களின் பக்கம் நின்றார். வேலை போயிற்று. ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில் தோட்ட நிலைமைகளைப் பேசினார். ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அவர் கப்பல் ஏறாமல் தலைமறைவானார். பொலிஸ் தேடிக்கொண்டிருக்க, மே 5ஆம் திகதி காலிமுகத் திடலில் பெருங்கூட்டத்தின் முன் மேடையில் தோன்றினார். பின் கைதானபோது உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாறுவேடம், தேடுதல், மறைவிடம், எதிர்பாராத தோற்றம் எல்லாம் இதில் உண்டு. அவருக்குக் கைகொடுத்தது ஓர் ஆட்கொணர்வு மனு.

மூன்றாண்டுகளுக்குப் பின், லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அவருடைய மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அச்சம்பவத்தை ஒட்டி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் மூண்ட பிணக்கு, ஆளுநர் வரை சென்று, அமைச்சர்கள் பதவி விலகும் நிலையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முதற் தியாகியென்று கோவிந்தன் இன்றும் நினைக்கப்படுகிறார்.

வெள்ளைக்காரன் போனபின்னும் குழல் திசை மாறவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பின், 1977இல், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அந்த மண் பறிபோனால் வேலையும் குடியிருப்பும் சேர்ந்தே போகும். மே 11ஆம் திகதி ஹற்றன் பக்கம் டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் உயிரிழந்தார். காணி பிரிக்கும் முயற்சி அதன்பின் நின்றுபோனது.

முல்லோயாவைப் பற்றியோ டெவனைப் பற்றியோ பேசும்போது நாம் சொல்வது தோட்டத்தின் பெயர், நாள், மாண்டவரின் பெயர். துப்பாக்கியின் தயாரிப்பும் விட்டமும் அக்கதைக்குள் வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. ஃபிளெமிங்கின் நாவலில் இது தலைகீழ். துப்பாக்கியின் பெயர், விட்டம், உறையின் வகை எல்லாம் துல்லியமாக உண்டு. சுடப்பட்டு விழும் காவலாளிகளுக்குப் பெரும்பாலும் பெயரில்லை.

இதைச் சொல்வதால் பூத்ரொய்டின் கடிதத்தைக் கேலி செய்வதாகக் கொள்ளவேண்டாம். நான் அதை மதிக்கிறேன். கதைதானே என்று ஒரு வாசகர் விட்டுவிடாமல் ஆசிரியரிடம் கணக்குக் கேட்டார். ஆசிரியரும் கணக்கைத் திருத்தினார். அந்தத் துல்லியத்துக்கு எதிர்பாராத பின்விளைவும் இருந்தது. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நூலின் அட்டை ஓவியத்துக்காக பூத்ரொய்ட் தமது ரிவோல்வரை ஓவியர் ரிச்சர்ட் சொப்பிங்கிற்கு இரவல் கொடுத்திருந்தார். அதே வேளையில் கிளாஸ்கோ அருகே மூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட, அதே விட்டமுடைய துப்பாக்கியைத் தேடிய பொலிஸார் அவரிடம் வந்து விசாரித்தார்கள். கொலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனாலும் கதைக்குள் போன ஒரு துப்பாக்கிக்கு வெளியுலகமும் கணக்குக் கேட்டது.

நமது ஒற்றன் கதைகளில் கதாநாயகன் முதல் வரியில் ரிவோல்வரை எடுத்துக் கடைசி வரியில் பிஸ்டலால் சுட்டுவிடுவான். இரண்டும் ஒன்றல்ல என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. அந்தத் தவறு சிறியது. மலையகம் என்றதும் மூடுபனி, அருவி, வளைந்தோடும் ரயில், கொழுந்துக் கூடையுடன் ஒரு பெண் என்று எழுதிவிட்டுப் போவது பெரிய தவறு. பெரட்டு எத்தனை மணிக்கு, கூடையின் கயிறு எங்கே அழுத்தும், லயன் காம்பிராவில் எத்தனை பேர் படுப்பார்கள், கணக்கப்பிள்ளை எங்கே நின்று கொழுந்து நிறுப்பார், கங்காணிக்கு எந்த மரியாதைச் சொல் என்பதில் தவறினால் யார் நமக்குக் கடிதம் எழுதுவார்கள்? எழுதத்தக்கவர்கள் அந்த லயன்களில் இருக்கிறார்கள்.

ஆகவே, அந்த மலைக்கு ஓர் ஒற்றனை அனுப்ப விரும்பும் இளம் எழுத்தாளருக்கு எனது பதில் இது. கதை 1944இல் கண்டியில் நடந்தால், பெயர் பொறிக்காத வெல்ரொட்டைக் கொடுங்கள். அதை அவன் ஒரு முறைக்கு மேல் எடுக்காதிருக்கட்டும். பிற்காலத்தில் நடந்தால், எந்த வீட்டிலும் சந்தேகம் எழாமல் உட்கார்ந்து தேநீர் குடிக்கத்தக்க பேச்சு வழக்கைக் கொடுங்கள். ஹற்றன் தமிழுக்கும் கொழும்புத் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டில் தவறும் ஒற்றன் முதல் நாளிலேயே பிடிபடுவான். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தே தீரவேண்டுமானால் அதன் பெயரைச் சரியாக எழுதுங்கள், விட்டத்தைச் சரிபாருங்கள். சுடப்படுகிறவருக்கும் ஒரு பெயர் கொடுங்கள். அவர் எந்தத் தோட்டம், எந்த லயன், யார் பிள்ளை என்பதையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.